அரைப்புள்ளியும் முழுப்பெயரும்

புயலுக்கும் வெள்ளத்துக்கும் பின் ஊர்களை மீட்டெடுக்கப் புறப்படும் காரைக்குடி வட்டாரத் திருச்சபைத் தொண்டர்களுக்குக் கொத்தமங்கலத்திலிருந்து ஒரு திறந்த மடல்

பங்கு, சேகரம், சபை என்று எப்பெயரால் வழங்கினும், ஞாயிறு வழிபாடு முடிந்த கையோடு லாரி பிடித்து, அரிசியும் தார்ப்பாயும் ஏற்றிக்கொண்டு கடலோர மாவட்டங்களுக்கு விரையும் வாலிபர் சங்கத்தாருக்கும் பெண்கள் ஐக்கிய சங்கத்தாருக்கும் அன்பியப் பொறுப்பாளர்களுக்கும் இம்மடல் எழுதப்படுகிறது. அவர்களுடைய ஈகையை வியப்பது இதன் நோக்கமன்று. அவ்வியப்பு மறையுரைகளிலும் நன்றியறிதல் கூட்டங்களிலும் வேண்டிய அளவுக்குச் சொல்லப்பட்டுவிடுகிறது. பேரிடருக்குப் பிறகு யாருக்கு என்ன கிடைக்கும் என்பதைக் கடைசியில் முடிவுசெய்வது ஒரு பட்டியலே என்பதும், அப்பட்டியலை எழுதுவதில் திருச்சபைக்கு வேறு எவருக்கும் எளிதில் வாய்க்காத ஒரு வல்லமையும், அவ்வல்லமையோடு கூடப் பிறந்த ஒரு குறையும் உண்டு என்பதுமே இங்கு எடுத்துரைக்கப்படும் செய்தி.

அதற்கு முன் இரு சொற்களைப் பிரித்தறிவது நலம். நிவாரணம் என்பது உயிரைக் காக்கும் முதல் நாட்களின் பணி. சோறு, குடிநீர், கூரைக்கு மேல் விரிக்கத் தார்ப்பாய், காயத்துக்கு மருந்து ஆகியவை அதில் அடங்கும். மீட்சி என்பது இடிந்த சுவரை எழுப்புவது, உவர்ப்பேறிய கிணற்றை இறைப்பது, விழுந்த மரத்தை அகற்றி வேறு கன்று நடுவது, வெள்ளத்தில் போன குடும்ப அட்டைக்கும் பள்ளிச் சான்றிதழுக்கும் மறுபடி வாங்கித் தருவது, இறந்தவருக்கு இறப்புச் சான்று பெறுவது என மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் நீள்வது. முன்னதற்கு ஆள் திரட்ட ஒரு வாட்ஸாப் செய்தி போதும். பின்னதற்கு ஆள் கிடைப்பதில்லை. ஏனெனில் செய்தித்தாள்கள் வேறு செய்திக்குப் போய்விட்ட நாளில்தான் அது தொடங்குகிறது.

கொத்தமங்கலம் கடலோர ஊரன்று. காரைக்குடியைச் சுற்றிய எழுபதுக்கும் மேற்பட்ட நகரத்தார் ஊர்களுள் ஒன்றாகிய இதைப் போன்ற ஊர்களில் தண்ணீர்ப் பஞ்சமே பழகிய துன்பம். ஊரார் உண்ணும் நீரைத் தேக்குவதனால் ஊருணி என்று பெயர் பெற்ற குளங்களை நம்பியே இவ்வட்டாரம் வாழ்ந்து வந்திருக்கிறது. எனினும் காவிரிப்பூம்பட்டினத்தை விட்டு இடம்பெயர்ந்த கதை நகரத்தார் மரபில் வழிவழியாகச் சொல்லப்படுகிறது என்பதும், செட்டிநாட்டு வீடுகள் தரையிலிருந்து உயர்ந்த அடித்தளத்தின்மேல் எழுப்பப்பட்டிருப்பதற்குக் கடல்கோளின் நினைவையே காரணமாகச் சொல்வோர் உண்டு என்பதும் குறிக்கத்தக்கவை. அது வரலாறா, வாய்மொழியா என்ற வழக்கு இங்கு வேண்டியதில்லை. இவ்வூரிலிருந்து இப்பொருள் பற்றி எழுதுவதற்குக் காரணம் வேறு: கணக்கெழுதுதல் என்னும் கலையில் தமிழகத்தில் இவ்வட்டாரத்துக்கு ஈடான பயிற்சி வேறெங்கும் குறைவு. அன்றன்றைய வரவு செலவைக் குறிக்கும் சிட்டை, ஒவ்வொருவர் பெயரிலும் தனித்தனியே பற்றும் வரவும் காட்டும் பேரேடு, எல்லாம் சேர்த்து நிலையைக் காட்டும் ஐந்தொகை என்று பர்மா முதல் மலாயா வரை சென்ற கணக்கு மரபு இது. வாணிகத்தில் அறத்துக்கென ஒதுக்கும் மகமைக்குக்கூட அம்மரபு ஏட்டில் தனியிடம் தந்தது.

அம்மரபுக்குள் ஆட்களை எண்ணுவதற்கும் ஒரு முறை உண்டு. திருமணமான ஒரு தம்பதி ஒரு 'புள்ளி' எனப்படுவர். கோயில் வரியும் ஊர்ப்பொதுச் செலவும் புள்ளிக்கு இவ்வளவு என்றே பிரிக்கப்படும். துணையை இழந்தவர் அரைப்புள்ளியாகக் கொள்ளப்படுவார். வரி செலுத்துவதற்கு இது இரக்கமுள்ள ஏற்பாடே. பாதிச் சுமைதான் அவர்மேல் விழும். ஆனால் கொடுப்பதற்கான பட்டியலிலும் இதே மனக்கணக்கு நுழைந்துவிட்டால் என்னவாகும் என்பதை 2004 முதல் நிகழ்ந்த பேரிடர்கள் காட்டியிருக்கின்றன. எழுதப்பட்ட அரைப்புள்ளியாவது ஏட்டில் இருக்கிறது. எழுதப்படாதவர் எங்கும் இல்லை.

திருச்சபையின் ஏடுகள் செட்டிநாட்டுப் பேரேட்டுக்குச் சற்றும் இளைத்தவை அல்ல. கத்தோலிக்கப் பங்கு ஒவ்வொன்றிலும் குடும்பப் பதிவேடும், திருமுழுக்கு, திருமணம், இறப்பு ஆகியவற்றுக்கான தனித்தனி ஏடுகளும் உண்டு. அதற்குக் கீழே அண்டை வீட்டார் சில பத்துக் குடும்பங்களாகக் கூடும் அன்பியம் என்னும் சிறு அமைப்பு, எந்த வீட்டில் யார் படுக்கையில் கிடக்கிறார், யார் வெளிநாடு போயிருக்கிறார் என்பதைப் பங்குப் பணியாளருக்கு முன்பே அறிந்து வைத்திருக்கிறது. தென்னிந்தியத் திருச்சபையின் சேகரங்களில் அதே அறிவு உபதேசியார்களிடமும் பெண்கள் சங்கத்தாரிடமும் இருக்கிறது. 1833இல் பாரீசில் தொடங்கப்பட்டுத் தமிழகப் பங்குகளிலும் வேரூன்றிய தூய வின்சென்ட் தே பவுல் சபையார், உதவி தேடி வருபவரை அலுவலகத்தில் நிறுத்திவைக்காமல், தாமே ஏழையின் வீட்டுக்குச் சென்று பார்ப்பதை நெறியாகவே கொண்டவர்கள். இவை யாவும் பேரிடருக்கென ஏற்படுத்தப்பட்டவை அல்ல. ஆயினும் பேரிடர் வந்த அன்று, அரசு அலுவலகம் எதனிடமும் இல்லாத அளவுக்கு உயிருள்ள தகவல் இந்த ஏடுகளில்தான் இருக்கிறது.

இவ்வுண்மையை நாடு முழுதும் கண்டது ஒக்கிப் புயலின்போது. 2017 நவம்பர் 29, 30 தேதிகளில் குமரிக் கடலில் விரைந்து வலுப்பெற்ற அப்புயலைப் பற்றிய எச்சரிக்கை, ஏற்கெனவே ஆழ்கடலில் வாரக்கணக்கில் தங்கி மீன்பிடித்துக்கொண்டிருந்தவர்களைச் சென்றடையும் வழியில்லாமல் போயிற்று. நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரயுமன்துறை என்று கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கும் ஊர்களிலிருந்து சென்றவர்களுள் எத்தனை பேர் திரும்பவில்லை என்ற கேள்விக்கு, அதிகாரிகள் நாளுக்கொரு எண்ணிக்கையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, ஊர்க் கோயில்களில் பங்குப் பணியாளர்களும் இளைஞர்களும் வீடு வீடாகக் கேட்டு, எந்தப் படகு, அதில் யார் யார், எந்த நாளில் புறப்பட்டார்கள் என்று பெயர் பெயராக எழுதிய பட்டியல்களே நம்பத்தக்கவையாக நின்றன. டிசம்பர் 7ஆம் நாள் குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கானோர் தண்டவாளத்தில் அமர்ந்து, தேடுதலை விரிவுபடுத்தக் கோரியதற்குப் பின்னால் அந்தப் பெயர்கள் இருந்தன.

பட்டியலின் பயன் போராட்டத்தோடு நிற்கவில்லை என்பதைத் தொண்டர்கள் சிறப்பாகக் கருத வேண்டும். உடல் கிடைக்காத ஒருவரை இறந்தவராகச் சட்டம் ஊகிப்பதற்கு அப்போது நடப்பிலிருந்த இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவின்படி ஏழு ஆண்டுகள் கழிய வேண்டும். அதுவரை கைம்பெண்ணுக்கு ஓய்வூதியமில்லை, காப்பீடில்லை, வங்கிக் கணக்கில் கை வைக்க முடியாது. அக்காலவரம்புக்குக் காத்திராமல் காணாமற்போனோர் குடும்பங்களுக்கும் தலா 20 லட்சம் ரூபாய் வழங்கத் தமிழக அரசு முன்வந்தபோது, ஒருவர் கடலுக்குச் சென்றது உண்மைதான் என்று நாட்டத் தேவைப்பட்ட சான்றுகளைத் திரட்டுவதில் ஊராரின் பட்டியல்கள் கைகொடுத்தன. புயலின் மறுநாள் ஒரு நோட்டில் எழுதிய வரி, மாதங்கள் கழித்து ஒரு குடும்பத்தின் வாழ்வுக்கு ஆதாரமானது. சோற்றுப் பொட்டலம் எதற்கும் அவ்வளவு ஆயுள் இல்லை.

ஆனால் பதிவேட்டின் எல்லையும் அங்கேயே தெரிகிறது. பங்கின் ஏடு பங்கு மக்களைத்தான் அறியும். வேற்றூரிலிருந்து கூலிக்கு வந்து அதே படகில் ஏறியவரை, வேறு சமயத்தவரை, கோயிலுக்கு வருவதையே நிறுத்திவிட்டவரை அது அறியாது. இக்குறையின் கொடுமை முழுவதும் வெளிப்பட்ட இடம் வேளாங்கண்ணி. 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். ஆரோக்கிய அன்னையின் திருத்தலத்துக்கு வெளியூர்களிலிருந்தும் வெளிமாநிலங்களிலிருந்தும் வந்து கடற்கரையில் நின்றிருந்தவர்களை ஆழிப்பேரலை அடித்துச் சென்றபோது, அவர்கள் எவருடைய ஊர்ப் பட்டியலிலும் இல்லாதவர்கள். பலர் பெயர் தெரியாமலே ஒரே குழியில் அடக்கம் செய்யப்பட்டார்கள். ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரை இழந்த நாகப்பட்டினம் மாவட்டத்தில், தம் வீட்டாரைத் தேடிப் படங்களோடு அலைந்த குடும்பங்களுக்கு வழிகாட்டுவதே அந்நாட்களில் தனியொரு தொண்டாக இருந்தது.

அதே மாவட்டத்தின் மீனவர் ஊர்களில் இன்னொரு விடுபடல் நிகழ்ந்தது. ஊர்ப் பஞ்சாயத்து என்னும் மீனவர்களின் மரபுவழி அமைப்பு மிகுந்த ஒழுங்கோடு தந்த பட்டியல்களை வைத்தே தொண்டு நிறுவனங்கள் பொருள்களைப் பங்கிட்டன. அவ்வொழுங்கு விரைவுக்கு உதவியது. ஆயினும் ஊருக்கு வரி கட்டும் ஆண்களை மையமாகக் கொண்ட அப்பட்டியலில் கூடை சுமந்து மீன் விற்ற கைம்பெண்கள் பல இடங்களில் சேரவில்லை. கடலை நம்பி வாழ்ந்தும் மீனவர் என்ற வகைக்குள் அடங்காத தலித் கூலித் தொழிலாளரும், கழிமுகங்களில் கையால் இறால் பிடித்துப் பிழைத்த இருளரும் முகாம்களிலும் பங்கீட்டிலும் ஒதுக்கப்பட்டதை அன்றைய ஆய்வறிக்கைகள் திரும்பத் திரும்பப் பதிவுசெய்துள்ளன. அரைப்புள்ளியாகக்கூட எழுதப்படாதவர்கள் அவர்கள். இதில் மீனவர் பஞ்சாயத்தை மட்டும் குறைசொல்லித் திருச்சபை கைகழுவிக்கொள்ள இயலாது. ஊரின் பட்டியலைச் சரிபாராமல் வாங்கிக்கொள்வது, வந்தவர்களுக்கு வேலையைச் சுருக்கும் வசதியாக இருந்தது என்பதே உண்மை.

என்ன தேவை என்பதற்கும் பட்டியல் இல்லாமல் போனதன் விளைவை, ஆழிப்பேரலைக்கு அடுத்த ஜனவரியில் நாகப்பட்டினம் சாலையோரங்களில் மலைமலையாகக் குவிந்து மழையில் நனைந்து கிடந்த பழந்துணிகள் எல்லோருக்கும் காட்டின. உழைத்து உண்டவர்கள் பிறர் உடுத்துக் கழித்ததைத் தொட மறுத்ததில் வியப்பில்லை. எஞ்சிய துணிகளைப் பெற்றுச் சென்ற கூஞ்ச் என்னும் தில்லி நிறுவனம் அவற்றைப் பிரித்துப் பிறவற்றோடு மாதவிடாய்த் துணிகளாகவும் மாற்றிப் பயன்படுத்தியது என்பது ஒரு நற்பின்னுரை. ஆனால் அது துணி அனுப்பியவர்களின் அறிவுக்குச் சான்றன்று. படகுகளின் கதை இதைவிட விந்தையானது. வலையும் படகும் கொடுப்பது கண்ணுக்குத் தெரியும் உதவி என்பதால் ஒருவரோடொருவர் போட்டியிட்டுக் கண்ணாடியிழைப் படகுகளை வழங்கியதில், சில இடங்களில் இழந்ததைவிடக் கிடைத்த படகுகள் மிகுந்து, அவற்றில் ஏற ஆள் பற்றாமலும் கரைக்கடலில் மீன் பற்றாமலும் போயிற்று. அரசுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் இடையே நாகப்பட்டினத்தில் ஓர் ஒருங்கிணைப்பு மையம் அமைத்து, எந்த ஊரில் யார் என்ன செய்கிறார் என்று எழுதத் தொடங்கிய பிறகே இக்குழப்பம் ஓரளவு அடங்கியது.

இவ்வட்டாரத்துக்கு அண்மையில் நிகழ்ந்த பெரும் பாடம் கஜா. 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரைகடந்த அப்புயல், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்துவிட்டுச் சென்றது. மின்சாரமில்லாத ஊரில் மேல்நிலைத் தொட்டிக்கு நீரேற்ற முடியாது. ஆகவே வாடகை ஜெனரேட்டரே அந்த வாரங்களில் அரிசியைவிட அரிய பொருளாயிற்று. காரைக்குடியிலிருந்து அறந்தாங்கி, பேராவூரணி வழியாகப் பட்டுக்கோட்டைக்குச் செல்லும் சாலையின் இருபுறமும் தென்னந்தோப்புகள் ஒரே திசையில் தலைசாய்த்துக் கிடந்த காட்சியைக் கண்டவர்கள், அது ஓர் ஆண்டின் விளைச்சல் இழப்பன்று, ஒரு தலைமுறையின் சேமிப்பு இழப்பு என்பதை உணர்ந்திருப்பார்கள். நெல் போனால் அடுத்த பட்டத்தில் விதைக்கலாம். நெட்டைத் தென்னை நட்டு ஆறேழு ஆண்டுகள் கழித்தே காய்க்கத் தொடங்கும்.

அரசு தென்னை ஒன்றுக்கு 600 ரூபாயும், அதை வெட்டி அகற்ற 500 ரூபாயும் ஆக 1,100 ரூபாய் அறிவித்தது. ஹெக்டேருக்கு 175 மரம் என்ற கணக்கில் அது 1,92,500 ரூபாய். இத்தொகை போதுமா என்ற வாதம் ஒருபுறமிருக்க, இதைப் பெறும் உரிமை யாருக்கு என்பதே பட்டியலின் கேள்வி. பட்டாவும் சிட்டா அடங்கலும் யார் பெயரில் உள்ளனவோ அவருக்கே பணம் சேரும். வாய்மொழிக் குத்தகைக்குத் தோப்பைப் பிடித்திருந்தவர், மரமேறிக் காய் பறித்தவர், மட்டை உரித்தவர், கயிறு திரித்த பெண்கள், கீற்று முடைந்தவர்கள் ஆகியோர் ஒரு மரத்துக்கும் உரியவர் அல்லர். ஆயினும் அந்த ஆறேழு ஆண்டுகளும் வேலையின்றி இருக்கப் போகிறவர்கள் அவர்களே. கோயில் நிலத்திலும் புறம்போக்கிலும் குடிசை போட்டிருந்தோருக்கும் இதே நிலை. தொண்டர்கள் ஒரு தோப்புக்காரரிடம், "உங்கள் தோப்பில் யார் யார் வேலை செய்தார்கள்?" என்ற ஒரே கேள்வியைக் கேட்டு விடைகளை எழுதியிருந்தால், அரசின் ஏட்டில் இல்லாத ஒரு பெரும் பட்டியல் அன்றே உருவாகியிருக்கும்.

தென்னையில் இன்னொரு நுட்பம் உண்டு; மீட்சிப் பணி எவ்வளவு அறிவு வேண்டுவது என்பதற்கு அது நல்ல சான்று. விழுந்த மரங்களை அப்படியே மட்கவிட்டால் அவற்றின் தண்டுகளில் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகும். பெருகிய வண்டு, புதிதாக நட்ட கன்றின் குருத்தைத் துளைத்துத் தின்னும். ஆகவே தென்னங்கன்று வழங்குவதோடு நின்றுவிட்ட தொண்டு, வண்டுக்குத் தீனி போட்டதாகவும் முடியலாம். மரம் அறுக்கும் இயந்திரமும் அதை இயக்கத் தெரிந்த நான்கு பேரும் முதலில் தேவை. அதன் பின்னரே கன்று. கன்று வளரும் வரை இடைவெளியில் உளுந்தோ நிலக்கடலையோ ஊடுபயிராக இட விதை. இந்த வரிசை மாறினால் செலவிட்ட பணம் வீண்.

இங்கு ஒரு சிறு விலகல் பொறுக்கத்தக்கது. கொத்தமங்கலம் என்ற பெயரில் புதுக்கோட்டை மாவட்டத்தில் கீரமங்கலத்துக்கு அருகேயும் ஓர் ஊர் உண்டு. கஜாவுக்கு அடுத்த நாட்களில், உதவி வராத ஆத்திரத்தில் எழுந்த மறியலில் அரசு ஊர்திகள் தீக்கிரையான ஊர் என்று செய்திகளில் அடிபட்டது அந்தக் கொத்தமங்கலமே. அந்த வட்டாரத்தில் ஆடி மாதந்தோறும் மொய் விருந்து நடக்கும். கறிச்சோறு போட்டு, வந்தவர் வைக்கும் பணத்தை மொய் நோட்டில் வரிவரியாக எழுதி, அவரவர் முறை வரும்போது திருப்பிச் செய்வது அதன் விதி. வட்டியில்லாக் கடனும் ஊர்க் காப்பீடுமாக விளங்கிய அவ்வழக்கு, தென்னை சாய்ந்த பின் தளர்ந்தது. மொய் நோட்டும் ஒரு பட்டியல்தான். திருப்பிச் செய்ய வல்லவர் பெயர்கள் மட்டும் உள்ள பட்டியல். செட்டிநாட்டுக் கொத்தமங்கலத்தின் புள்ளிக் கணக்கும் தென்னை நாட்டுக் கொத்தமங்கலத்தின் மொய்க் கணக்கும் பங்குக் கோயிலின் பதிவேடும், தம்மவரை எண்ணுவதில் தவறாதவை. தம்மவர் அல்லாதவரை எழுத அவற்றில் பக்கமே இல்லை.

அந்தப் பக்கத்தைச் சேர்ப்பது சமயத்தோடும் தொடர்புடையது என்பதால் அதைப் பற்றித் தெளிவாகவே பேச வேண்டியுள்ளது. செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் 1994இல் வகுத்துக்கொண்ட பேரிடர் உதவி நடத்தை நெறிகள் பத்தனுள் இரண்டாவது, இனம், சமயம், நாடு பாராமல் தேவையின் அளவுக்கே உதவ வேண்டும் என்பது. மூன்றாவது, ஒரு சமயக் கருத்தையோ அரசியல் கருத்தையோ வளர்க்க உதவியைக் கருவியாக்கக் கூடாது என்பது. பாகப் பிரிவினையின் அகதிகளுக்காக 1947இல் தோன்றிய காசா என்னும் சீர்திருத்தத் திருச்சபைகளின் அமைப்பும், 1962இல் தோன்றிய காரித்தாஸ் இந்தியாவும் இவ்வழியிலேயே பணியாற்றி வருகின்றன. நாகப்பட்டினத்தில் அவை கட்டித்தந்த வீடுகளில் குடியேறிய மீனவருள் பெரும்பாலோர் இந்துக்கள். இருந்தும், சிறு குழுக்கள் சில ஜெபத்தையும் அரிசியையும் ஒரே வரிசையில் நிறுத்திவைத்ததாக அந்நாட்களில் எழுந்த குற்றச்சாட்டுகள், உண்மையாக உழைத்தவர்களின் பெயரையும் சேர்த்தே கெடுத்தன. தொண்டரின் கழுத்தில் சிலுவை கிடக்கலாம். பொட்டலத்தின்மேல் அது அச்சிடப்பட வேண்டியதில்லை. 2015இல் சென்னை வெள்ளத்தில் நிவாரணப் பொருள்கள்மேல் ஆட்சியாளர் படம் ஒட்டப்பட்டதை நகைத்தவர்கள், தம் சபையின் பதாகையை லாரியின் முகப்பில் கட்டுமுன் ஒரு கணம் தயங்குவது நல்லது. கைநீட்டி வாங்குபவரின் முகத்தைப் படம்பிடித்து முகநூலில் இடுவதும் அவ்வகையைச் சேர்ந்ததே.

பணத்தைப் பொறுத்தவரை நிலைமை மாறியிருக்கிறது. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 2020இல் திருத்தப்பட்டபின், வெளிநாட்டிலிருந்து பெற்ற தொகையை ஓர் அமைப்பு இன்னோர் அமைப்புக்கு மாற்றித் தர இயலாது. நிர்வாகச் செலவுக்கு அதில் 20 விழுக்காட்டுக்கு மேல் எடுக்கவும் கூடாது. தலைமை நிறுவனம் பணம் பெற்று ஊர்தோறும் உள்ள சிறு சங்கங்கள் வழியே செலவிட்ட பழைய முறை இதனால் முறிந்தது. இச்சட்டத்தின் நன்மை தீமையை அரசியலார் பேசட்டும். காரைக்குடித் தொண்டருக்கு அது சொல்லும் நடைமுறைச் செய்தி, உள்ளூர்க் காணிக்கையை நம்பியே இனித் திட்டமிட வேண்டும் என்பது. சமைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி எடுத்து வைக்கும் பிடி அரிசி வழக்கம் பல சபைகளில் இன்றும் உண்டு. அதோடு வணிகரின் மகமை போல மாதந்தோறும் ஒரு சிறு தொகையைப் பேரிடர் நிதியென்று தனியே எழுதி வந்தால், புயல் வந்த பிறகு உண்டியல் குலுக்கும் அவசரம் இராது. கொடுத்தவருக்குக் கணக்குக் காட்டவும் எளிது. கணக்குக் காட்டாத தொண்டு இவ்வட்டாரத்தில் இரண்டாம் முறை நன்கொடை பெறாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

யார் போக வேண்டும் என்பதிலும் ஒழுங்கு தேவை. லாரியில் நாற்பது இளைஞர் ஏறுவதைவிட, மின்பணியாளர் இருவர், கொத்தனார் இருவர், மரம் அறுப்பவர், செவிலியர் ஒருவர், மனு எழுதத் தெரிந்த ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர் ஒருவர், ஆயிரம் பேருக்கு உலை வைத்துப் பழகிய சமையற்காரர் ஆகியோர் போவது பயனுடையது. தென்மாவட்டத் திருச்சபைகளில் அசனம் என்னும் பொதுவிருந்தைச் சமைத்துப் பழகிய கைகள், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய 2023 டிசம்பர் போன்ற நாட்களில் பெருஞ்செல்வம். வெள்ளச் சேற்றில் இறங்குவோர் எலிக்காய்ச்சலை மறக்கலாகாது. 2018 கேரள வெள்ளத்துக்குப் பின் அந்நோய் பரவியபோது, வீடுகளைத் தூய்மை செய்யப் போன தன்னார்வலரும் அதற்கு ஆளாயினர். மருத்துவரைக் கேட்டு டாக்சிசைக்ளின் மாத்திரை உட்கொள்வதும், முழங்கால் வரையிலான ரப்பர் காலணி அணிவதும் வீரத்துக்கு இழுக்கல்ல. இன்னொருவர் கட்டாயம் வேண்டும்: பேசாமல் கேட்கத் தெரிந்தவர். ஆழிப்பேரலைக்குப் பின் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் ஊர்க்காரர்களையே தேர்ந்து உளநலத் துணைக்குப் பயிற்றுவித்ததன் அடிப்படை, இழப்பைச் சொல்லி அழ ஒருவர் எதிரே உட்கார்ந்திருப்பதே முதல் மருந்து என்பதாகும். ஆறுதல் வசனங்களை அடுக்குபவரை அப்பணிக்கு அனுப்பாதிருப்பது மேல்.

எத்தனை நாள் என்ற கேள்வி மிஞ்சுகிறது. அமெரிக்காவில் கேன்சஸ் மாநிலத்தின் ஹெஸ்டன் என்னும் சிற்றூரில் 1950இல் மெனோனைட் சபை இளைஞர்கள் கூடித் தொடங்கிய பேரிடர்ப் பணி அமைப்பு, நிவாரணத்தைப் பிறரிடம் விட்டுவிட்டு, மற்றவர்கள் வீடு திரும்பிய பின்னும் தங்கி, காப்பீடும் கடனும் கிடைக்காத ஏழைகளின் வீடுகளைக் கட்டித்தருவதையே தன் தனிப்பணியாகக் கொண்டது. தச்சரும் உழவருமான அவர்கள் தங்களுக்குத் தெரிந்ததை மட்டும் செய்தார்கள். காரைக்குடித் திருச்சபைகளும் பத்து ஊர்களுக்கு ஒருமுறை போவதைவிட, ஓர் ஊரைத் தேர்ந்து மூன்று ஆண்டுகள் காலாண்டுக்கு ஒருமுறை போவது உகந்தது என்று இம்மடல் கருதுகிறது. இராமேசுவரம் செல்வோர் எல்லோரும் பார்க்கும் தனுஷ்கோடித் தேவாலயத்தின் சுவர்கள் 1964 டிசம்பர் புயலில் எஞ்சியவை. வாழத் தகுதியற்றதென அரசு அறிவித்த அவ்விடத்திலேயே மீனவக் குடும்பங்கள் பல பத்தாண்டுகள் மின்விளக்கின்றிக் குடியிருந்தன. ஊர் இல்லை என்று ஏடு சொன்னதால், அங்கே இருந்தவர்களும் ஏட்டில் இல்லாதவர்கள் ஆனார்கள். இன்று அச்சுவர்களின் முன் நின்று படமெடுப்போர் மிகப் பலர்.

வேறோர் ஊருக்குப் புறப்படுமுன் பழகிப் பார்க்கக் கொத்தமங்கலமே போதும். இங்கும் செட்டிநாட்டின் பிற ஊர்களிலும் பெரிய வீடுகள் பல ஆண்டின் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கின்றன. சென்னையிலோ கடல் கடந்தோ வாழும் உடையவர்களின் பெயர் புள்ளிக் கணக்கில் ஒழுங்காக இருக்கிறது. திருவிழாவுக்கு அவர்கள் வருவார்கள். அவ்வீட்டின் பின்கட்டில் தங்கி, முற்றத்தைக் கூட்டி, மாலையில் விளக்கேற்றும் குடும்பத்தின் பெயர் கோயில் ஏட்டிலும் இல்லை, பங்கின் பதிவேட்டிலும் இல்லை. குடும்ப அட்டைகூடச் சிலருக்கு வேறு ஊரில் இருக்கும். காற்று வீசி ஓடு சரிந்தால் வீட்டுக்கு இழப்பீடு கேட்க உடையவர் இருக்கிறார். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் நடுவில் தொடங்கிவிடும். அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வழிபாடு முடிந்ததும், ஒரு நோட்டோடு இருவர் வந்து, முன்வாசல் பூட்டியிருந்தால் பின்வாசலைத் தட்டி, உள்ளே இருப்பவர் பெயரைக் கேட்டு முழுதாக எழுதிக்கொண்டு போகலாம்.